பாட்டில்லாத பூசை

அருள்,

நீ போனில் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாற்பது நாள் ஆகிறது. நடுவில் பத்துப் பதினைந்து முறை பேசியிருப்போம். மண்டபம், சமையல்காரர், கிளாராவின் ரவிக்கை, உன் அப்பாவின் சட்டை அளவு. எல்லாம் பேசினோம். அந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போனோம். நடைபாதையில் எதுவோ கொட்டிக் கிடந்தால் சொல்லிக்கொள்ளாமலே ஒதுங்கி நடப்போமே, அப்படி.

"கல்யாணப் பூசைக்குப் பாட்டு வேணாம்மா" என்றாய். "சும்மா பூசை போதும். கொயரு, கீபோர்டு எதுவும் வேணாம்."

"எதுவுமேவா?"

"எதுவுமே."

"கிளாரா என்ன சொல்லுது?"

"அவளுக்கு ஓகேம்மா."

"ஏன்டா சாமி?"

"சும்மாதாம்மா. தோணுச்சு."

நான் "சரி, சாப்ட்டியா?" என்றேன். நீ சாப்பிட்டதாகச் சொன்னாய். அவ்வளவுதான். போனை வைத்த பிறகு வேகமாக நடந்தேன். கோபம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. பயம். உனக்கு என் மேல் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவை பயந்தேன். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பங்குக் கோவிலில் பாடகர் குழுவை நடத்துகிறவளின் மகன், தன் கல்யாணத்தில் ஒரு பாட்டும் இருக்கக் கூடாது என்கிறான். ஊர் என்ன சொல்லும் என்பது இரண்டாவது. நீ என்ன சொல்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அல்லது, புரிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நான் மறுபடியும் சாப்பாட்டில் போய் ஒளிந்துகொள்வேன்.

இதைக் கோவிலில் அச்சடித்துக் கொடுக்கும் பங்கு மடலில் போடலாமா என்று ஃபாதரிடம் கேட்டிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் கிழித்துவிடு. ஏன் நான்கு பேர் படிக்கிற இடத்தில் போடக் கேட்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். வந்து ஒரு வருடம்கூட ஆகாத புதிய ஃபாதர். "டீச்சர், ஸ்கூல்லயும் ரிட்டயர் ஆயிட்டீங்க. ஒரு மூணு மாசம் பாட்டுக்கும் லீவு எடுத்துக்குங்க. நாலு ஊரு போங்க. மத்த கோவில்கள்ல எப்படிப் பாடறாங்கன்னு கேட்டுட்டு வாங்க. பங்குல பஸ் செலவு குடுக்கறோம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. படித்தவர், என் அருமை தெரிந்தவர் என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே வேறு எண்ணம் வந்தது. என்னை ஏன் அனுப்புகிறார்? என் பாட்டில் என்ன குறை கண்டார்? கேட்க வாய் வரவில்லை. உன் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். கல்யாணத்துக்குப் புதுப்பாட்டு நாலு கொண்டுவரலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். புது நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் உன் பேரையும் கிளாரா பேரையும் எழுதினேன். அதற்குக் கீழே வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல் என்று இடம் விட்டுவைத்தேன். அந்த இடங்கள் இன்னும் காலிதான்.

கிளம்பும் முன்பு பென்சியிடம் கீபோர்டை ஒப்படைத்தேன். நர்சிங் படிக்கிற பெண், உனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் என் நோட்டில் மூலையில் சிவப்பு மையில் ஓர் எண் இருக்கும். பிளஸ் நாலு. பிளஸ் ஐந்து. "இந்த நம்பர மட்டும் மாத்தாத" என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். பேருந்து நிலையத்திலிருந்து மூன்றாவது தடவை போன் செய்து சொன்னேன். அந்த எண் என்ன என்று உனக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திவிட்டால் நம் விரல் பழகிய அதே இடத்தில் வாசித்துக்கொண்டிருக்கலாம். சத்தம் மட்டும் மேலே ஏறும், அல்லது கீழே இறங்கும். நான் ஒரே ஒரு சுருதிக்குத்தான் விரல் பழகியவள். வெள்ளைக் கட்டைகள் மட்டும். மற்றதெல்லாம் பட்டன் பார்த்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடம் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

முதலில் ஏற்காட்டுக்குப் போனேன். கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டர் பாட்டு நடத்துகிறார். என்னைவிட இருபது வயது சின்னவர். அங்கே கீபோர்டு இல்லை. காலால் மிதித்துக் காற்று ஏற்றும் பழைய ஆர்மோனியம். ஞாயிற்றுக்கிழமை, "வருகைப் பாடலுக்கு நீங்க வாசிங்க டீச்சர், எங்க பிள்ளைங்க ஆசைப்படறாங்க" என்றார். உட்கார்ந்தேன். பிள்ளைகள் எடுத்துவிட்டார்கள். அவர்கள் எடுத்த சுருதி என் விரலில் இல்லை. பட்டன் இருக்கும் இடத்துக்கு என் இடது கை தானாகப் போனது. அங்கே வெறும் மரம். இரண்டு வரி தடவிப் பார்த்தேன். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. பாட்டு நிற்கவில்லை. சிஸ்டர் கையை அசைத்தார், பிள்ளைகள் வாத்தியம் இல்லாமலே பாடி முடித்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது சிஸ்டர் கேட்டார். "டீச்சர், உங்க கோவில்ல சனங்க நல்லா பாடுவாங்களா?"

"நல்லா கேப்பாங்க சிஸ்டர்" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சோறு பிசைந்துகொண்டே தலையை ஆட்டினார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்து தெற்கே, கடற்கரையில் ஒரு மீனவ ஊர். அங்கே பாட்டு நடத்துகிறவர் படகு எஞ்சின் மெக்கானிக். கை நகத்தில் எப்போதும் கிரீஸ். அவர் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. "முதல் ரெண்டு வாரம் சனத்தோட உக்காருங்க டீச்சர். அங்க இருந்து கேட்டாத்தான் தெரியும்" என்றார். உட்கார்ந்தேன். அருள், எனக்கு அங்கே என்ன ஆயிற்று என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். பாட்டு தொடங்கியது. எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் பாடினார். அந்தப் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் பாடினாள். பின்னால் ஆண்கள். தூண் ஓரம் நின்றவர்கள். கதவுக்கு வெளியே செருப்பின் மேல் நின்றவர்கள். இந்தப் பக்கத்து மனிதருக்குக் குரல் என்று ஒன்று கிடையாது, ஏதோ வண்டிச் சத்தம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறந்தேன். அவ்வளவு கீழே நான் பாடியதில்லை. என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அழகாக இல்லை. எழுநூறு பேர் பாடினால் அழகாக இருக்காது. பெரிதாக இருக்கும். அது வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் ஒத்திகையைப் பார்த்தேன். ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் குழுவில் யாரும் பாடுவதில்லை. கடைசி வரிசையில் வழக்கமாக நிற்கிற ஆட்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வருகிறார்கள். ஒருத்தர் பீடி அணைத்துவிட்டு வந்தார். பாட்டில் மேலே போகிற வரி ஒன்று, கீழே இறங்குகிற வரி ஒன்று, இரண்டையும் அவர்கள் பாட வேண்டும். கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை இறக்குகிறார்கள். அவர்கள் தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் பாட்டு.

"பாடகர் குழுவுக்கு அது நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

மெக்கானிக் சிரித்தார். "எங்களுக்கு நல்லா இருந்து என்ன செய்ய டீச்சர்? நாங்க பன்னெண்டு பேரு. எங்க சுருதிக்கு எடுத்தா நாங்கதான் பாடிட்டு இருப்போம். அவுக பேசாம நிப்பாவ. உங்க ஊர்ல எப்படிச் செய்தியள்?"

எங்கள் ஊரில் யார் தொண்டைக்குச் சுருதி வைத்தேன் என்று எனக்குத் தெரியும். என் தொண்டைக்கு. அமலி அக்கா தொண்டைக்கு. அமலி அக்கா தையல் மெஷினில் நாளெல்லாம் குனிந்திருப்பவர், கோவிலுக்கு வந்தால் நிமிர்ந்துவிடுவார். அவர் குரல் மேலே போய் நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் என்று பட்டனை அழுத்தி அழுத்தி ஏற்றியிருக்கிறேன். திருவிழாவுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து எல்லாம் கேட்க வருவார்கள். "உங்க கொயர அடிச்சிக்க ஆளில்லீங்க டீச்சர்" என்பார்கள். நான் அந்தப் பேச்சுக்காகவே பட்டனை ஏற்றினேன். நம் கோவிலில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒத்திகை முடிந்து வெளியே வந்து மணலில் நின்றேன். ஆறரை மணி இருக்கும். அப்போதுதான் நீ போன் செய்தாய். பாட்டு வேண்டாம் என்றாய்.

அப்போது ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. உனக்குப் பதின்மூன்று வயது. பிஷப் வருகிற திருவிழா. முந்தின நாள் சனிக்கிழமை, ஒத்திகை. உனக்குக் குரல் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிளஸ் நாலு. மேலே உனக்கு எட்டவில்லை. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் தொடக்கம் கிணற்றுக்குள் போய்விடும். நீ நடுவில் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தாய். இப்போது எனக்குத் தெரிகிறது, நீ தேடியது தப்பில்லை. நான் வைத்த இடம்தான் தப்பு. அன்றைக்கு அது தெரியவில்லை. அமலி அக்கா, "டீச்சர், ட்ராக்டர் கெளம்பற மாதிரி இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் சிரித்தேன் என்பதை எழுத வேண்டும். பிறகு எல்லார் முன்னாலும் சொன்னேன். "அருளு, நாளைக்கி நீ வாய மட்டும் அசை. சத்தம் வெளிய வரக் கூடாது. பிஷப் வராரு."

நீ தலையாட்டினாய். மறுநாள் வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் நின்றாய். அவ்வளவு அழகாக வாயசைத்தாய். ஒரு வார்த்தை பிசகவில்லை. மற்றவர்கள் மூச்சு எடுத்த இடத்தில் நீயும் எடுத்தாய். நான் கீபோர்டிலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்த ஃபோட்டோ வீட்டில் இருக்கிறது. எல்லாரையும்விட உன் வாய்தான் பெரிதாகத் திறந்திருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பையன் நல்லா பாடறான் போலிருக்குது" என்பார்கள். நான் ஆமாம் என்பேன்.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை ட்யூஷன் இருக்கிறது என்றாய். நம்பினேன். பொய். நம்பவில்லை. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஒத்திகையில் ஒரு தொந்தரவு குறைந்தது. பதினாறு வருடம் ஆகிவிட்டது. வீட்டில், குளிக்கும்போது, வண்டி கழுவும்போது, எங்கேயும் உன்னிடமிருந்து ஒரு வரி நான் கேட்டதில்லை. இவன் அமைதியான பையன் என்று உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதையும் பெருமையாகத்தான்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். அதனால் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். நான் செய்தது தப்பு. இன்று அமலி அக்காவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். அவருக்கு அந்த நாளே நினைவில்லை. "நானா சொன்னன்? இருக்காதுங்க டீச்சர்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லிருப்பன், என் வாயி அப்படித்தான்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஒகேனக்கல் தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு ஊருக்குப் போனேன். ஒரு பத்தி கன்னடம், ஒரு பத்தி தமிழ் என்று பாடுகிற ஊர். பதினைந்து நாள் இருந்தேன். எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. காதில் நீ சொன்னதுதான் இருந்தது. நோட்டில் ஒரு வரியும் இல்லை. அங்கிருந்த உபதேசியார் மனைவி, "ஒடம்பு சரியில்லையா டீச்சர்?" என்று கஷாயம் வைத்துக்கொடுத்தார். குடித்தேன். அதற்கு மருந்து வேறு.

வீட்டுக்கு வந்த அன்று உன் அப்பா தக்காளி லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தார். எழுப்பிக் கேட்டேன். "ஏனுங்க, நீங்க ஏன் கோவில்ல பாட்டே பாடறதில்ல?"

"என்னாத்துக்கு இப்ப?"

"சொல்லுங்க."

"நீ எங்க வுட்ட? நீ எடுக்கற எடுப்புக்கு எங்களுக்குக் கழுத்து நரம்பு புடைக்குது. ரெண்டு தடவ பாத்தோம். அப்பறம் வெளிய வேப்பமரத்துக்கிட்ட நின்னுக்கிட்டோம்."

"எங்கிட்டச் சொல்லலாமில்ல?"

"உங்கிட்டயா!" என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிற மனுஷர். என்னிடம் சொல்ல முடியாது என்று முடிவு செய்து மரத்தடிக்குப் போயிருக்கிறார். கிளாராவோடு வாழப் போகிற உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆனால் இது ஒன்று தெரிந்து சொல்கிறேன். அவள் ஒரு விஷயத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டால், ஒத்துக்கொண்டாள் என்று கணக்குப் பண்ணாதே. வீட்டில் சத்தம் இல்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிற புத்தி என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கும். கேள். சங்கடமாக இருந்தாலும் கேள். கேட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றாதே. நீ தப்புச் செய்யும்போது கெட்டதாகச் செய்ய மாட்டாய். என்னைப் போல, நல்லதுக்கு என்று நினைத்துச் செய்வாய். அது ஆபத்து. திட்டுகிறவர்களிடம் சண்டை போடலாம். நல்லது செய்கிறவர்களிடம் என்ன செய்வது? மரத்தடிக்குத்தான் போக வேண்டும்.

போன வாரம் ரவிக்கை வாங்கக் கம்பைநல்லூருக்குப் போனபோது கிளாராவிடம் மெல்லக் கேட்டேன். பாட்டு வேண்டாம் என்று அருள் ஏன் சொல்கிறான் என்று. "தெரியல அத்த" என்றாள். எதையோ மென்று விழுங்கினாள். பிறகு, "ஆனா அவரு பாடுவாரு அத்த" என்றாள்.

"யாரு?"

"அவருதான். பைக் ஓட்டறப்ப. ஹெல்மெட் போட்டுக்கிட்டா பாடுவாரு. பின்னாடி உக்காந்தா எனக்குப் பாதிதான் கேக்கும். காத்துல போயிரும். சிக்னல்ல நின்னா நிறுத்திருவாரு."

"என்ன பாட்டு?"

"எல்லாந்தான். கோவில் பாட்டுகூட. கொரலு நல்லா கனமா இருக்கும் அத்த. நீங்க கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஹெல்மெட்டுக்குள் என் மகன் பாடிக்கொண்டு போகிறான். கோவில் பாட்டுகூட. எந்தச் சுருதியில் என்று தெரியவில்லை. அம்மா இல்லாத இடத்தில் அதுவாக வந்த சுருதியில்.

அன்றைக்கே எனக்கு ஒரு திட்டம் வந்துவிட்டது. சொன்னால் கோபப்படுவாய், சொல்கிறேன். உன் பேச்சை மீறிப் பாட்டு வைப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் சுருதியை இறக்கிவிடுவது. மைனஸ் இரண்டு. உனக்குத் தெரிந்த பாட்டு, உன் தொண்டைக்கு எட்டுகிற இடம். கடைசி வரிசை ஆட்களை முன்கூட்டியே தயார் செய்வது. கோவில் முழுக்கப் பாடும்போது நீயும் உன்னை அறியாமல் வாயைத் திறப்பாய். சத்தம் வரும். நான் கேட்பேன். அதோடு எல்லாம் சரியாகிவிடும். எழுதும்போது எவ்வளவு கேவலமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குப் பிராயச்சித்தம் மாதிரி தெரிந்தது. நோட்டை எடுத்துச் சிவப்பு எண்களை எல்லாம் அடித்து நீல மையில் புது எண் போட்டேன். சனிக்கிழமை குழுவிடம் சொன்னேன்.

அமலி அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்ளோ கீழ பாடுனா பேய் ஓட்டற மாதிரி இருக்குமுங்க டீச்சர். நாங்க எல்லாம் ஒரே மாதிரி பொடவ எடுத்து வச்சிருக்கறோம். நம்ம வூட்டுக் கல்யாணத்துல நாமளே அசிங்கமா பாடறதா?"

"அசிங்கமில்லக்கா. சனங்க பாடணும்."

"சனங்க எதுக்குப் பாடணும்? அதுக்குத்தான் நாம இருக்கறோம்."

இருபத்திரண்டு வருடம் நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. திரும்பி என்னிடமே வந்தது.

வீட்டில் உன் அப்பாவிடம் திட்டத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அவன் என்ன கேட்டான்?"

"பாட்டு வேணாம்னு."

"நீ என்ன பண்ற?"

"அவனுக்கு எட்டற மாதிரி..."

"அன்னிக்கி அவன் வாய மூடுன. இன்னிக்கி தெறக்கறங்கற. ரெண்டுக்கும் வாயி அவன்துதான்" என்றார். மோர் ஊற்றச் சொன்னார்.

உன் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மோர் ஊற்றினேன். அன்று முழுக்க அவர்மேல் எரிச்சலாக இருந்தது. மறுநாள் எரிச்சல் போய்விட்டது. மிச்சம் இருந்தது பயம்தான். பாட்டு இல்லாவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் நான் கோவிலில் என்ன செய்வேன்? உனக்கு அது புரியாது. உன் முதல் நன்மைக்கு நான் கீபோர்டில் இருந்தேன். உன் உறுதிப்பூசுதலுக்கும் கீபோர்டில். நீ ஞானத்தந்தையாக நின்ற பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும். எந்த ஃபோட்டோவிலும் நான் உன் பக்கத்தில் இல்லை. ஒருவேளை நீ அதற்காகத்தான் பாட்டு வேண்டாம் என்றாயோ என்று ஒரு நாள் தோன்றியது. அம்மா ஒரு நாளாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று. அன்று நன்றாகத் தூங்கினேன். காலையில் அதை நம்ப முடியவில்லை. அம்மா ஒரு நாளாவது வாசிக்காமல் இருக்கட்டும் என்றும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. எது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் எனக்காக நல்லதைச் சொல்வாய். நீ அப்படித்தான். நீயாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் சொல். கெட்டதாக இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஃபாதரிடம் போனேன். கல்யாணப் பூசைக்குப் பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "அப்ப செபத்த எல்லாம் மெதுவா, நிறுத்திச் சொல்றேன் டீச்சர்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பாட்டுகளுக்குச் சுருதி இறக்கலாமா என்று கேட்டேன். "அதுக்குத்தான உங்கள அனுப்பினேன்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் எழுந்து காபி போடச் சொன்னார். சுருதி இறங்குவது மெதுவாக நடக்கும். அமலி அக்கா என்னோடு இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தார். புடவை எடுத்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக உட்காருவார்களாம். உட்காரட்டும். அது உன் பிரச்சினை இல்லை, என்னுடையது.

இன்று காலை ஆறரை மணி வாரநாள் பூசைக்குப் போனேன். பாட்டில்லாத பூசை. ஒன்பது பேர். கீபோர்டு உறை போட்டு மூடியிருந்தது. நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அருள், எனக்கு எதுவும் தெரியவில்லை. இத்தனை வருடமும் ஜனங்கள் எழுந்தபோது நான் உட்கார்ந்து வாசித்தேன். அவர்கள் முழங்காலிட்டபோது அடுத்த பாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. முன்னால் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தேன். அவர் இருமுவதற்கு நிமிர்ந்தார், நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு தடவை எல்லாரும் முழங்காலில் இருக்க நான் மட்டும் நின்றேன். பின்னாலிருந்து யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். அமலி அக்கா. "முட்டி போடுங்க டீச்சர். எல்லாரும் போட்டாச்சு" என்றார். என்னோடு பேசாமல் இருந்தது அவருக்கு மறந்துவிட்டது.

முட்டி போட்டேன். வலித்தது. ஃபாதர் சொல்லச் சொல்ல ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். நானும் சொன்னேன். இடையிடையே ஒரு சத்தமும் இல்லை. அந்த இடங்களை எல்லாம் நான் இருபத்திரண்டு வருடம் வாசித்து நிரப்பியிருக்கிறேன். அது என்ன என்று இன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து ஓடவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தினமும் போய்ப் பழகிவிடுவேன். ஒன்று மட்டும் நீ சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா முதல் பெஞ்சில் என்கிறார் உன் அப்பா. அங்கே உட்கார்ந்தால் நீ லேசாகத் திரும்பினாலே நான் தெரிவேன். தூணை ஒட்டி இன்னொரு பெஞ்சு இருக்கிறது. அங்கிருந்து எனக்கு உன்னைத் தெரியும், உனக்கு என்னைத் தெரியாது. இன்று இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். நானாக முடிவு செய்யவில்லை. எங்கே உட்காரட்டும்?

அம்மா